சுவர் பார்த்தல்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஔலுவில் பிப்ரவரி.
ஒரு வாரமாக
இரவு ஒன்பது மணிக்கு மேல்
வேற்றுக் கிரகத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் அறையைத் தாண்டவில்லை.
லிஃப்ட் கதவு திறந்ததும் இடது மூலையிலிருந்து
ஆறுகால் ஜந்து ஒன்று பச்சையாகக் காறித் துப்பும்.
உயிர் நூறு, அறுபது, பன்னிரண்டு.
திரை சிவக்கும். மறுபடி லிஃப்ட்.

இருபத்தாறு வயதில் இதே அறையை
நாலே நொடியில் கடந்தவன் நான்.
ரெய்னே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான்,
அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.
அப்போது மணிக்கட்டில் இந்தப் பட்டை இல்லை.
கண், வருவதை மட்டும் பார்த்தது.
விரல், கண்ணைக் கேட்காமலே சுட்டது.

கடவுளாக ஒரு ரகசியச் சொல் உண்டு.
ஏழு எழுத்து. தட்டினால் யாராலும் கொல்ல முடியாது.
இழுக்கு என்பான் ரெய்னே.
ரெய்னே இப்போது நார்வேயில் மீன் பண்ணையில் இருக்கிறான்,
பார்க்கப் போவதில்லை.
தட்டினேன்.

அதன் பிறகு கப்பலுக்குள்
மீட்டர் கணக்கெடுக்க வந்தவனைப் போல நடந்தேன்.
கடித்தன. எரித்தன.
இருங்கப்பா என்று சொல்லிவிட்டு
உப்பு மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு
முதல் தடவையாகச்
சுவரைப் பார்த்தேன்.

அந்த ஜீவராசிகளின் சுவர்
எங்கள் வெந்நீர் நிலையத்தின் சுவர்.

துறைமுகத்துக்குப் பின்னால், மூன்றாம் கொதிகலன் அறை.
சாய்லா என்று ஒரு பெண் வந்தாள்,
கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து
ஏதோ விளையாட்டு செய்கிறார்களாம். இரவல் கேமரா.
படம் எடுக்கலாமா என்றாள்.
தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டேன்.
உங்களை இல்லை,
பின்னால் இருக்கிற துருவை.

நகர்ந்து நின்றேன்.
கூலியாக ஒரு சிடி வந்தது, கிறிஸ்துமஸுக்கு.
ராப்பகலாக ஆடினேன்,
பகலெல்லாம் நான் குழாய் முடுக்கிய அறைக்குள்தான்
ஓடி ஓடிச் சுடுகிறேன் என்று தெரியாமல்.

துருக்கறை. வழிந்து காய்ந்த பெயின்ட்.
ஒரு சாண் மேலே
ஸ்க்ரூடிரைவரால் கீறிய ஒரு டி, கூட்டல் குறி, ஒரு எம்.

டி என்றால் தூரெ, நான். எம் என்றால் மிர்க்கா.
ஏழாம் வால்வில் அழுத்தம் இறங்கக் காத்திருந்த
இருபது நிமிடத்தில் கீறியது.
கன்ட்ரோல் அறையிலிருந்து
ஃப்ளாஸ்க்கோடு இறங்கி வந்திருந்தாள்.
கோணல் என்றாள். எம்முக்கு ஒரு கால் குட்டை.
பனி உருகியதும் லூலியோவுக்குப் போய்விட்டாள்.
சண்டை எல்லாம் இல்லை,
ஸ்வீடனில் சம்பளம் அதிகம்.

சாய்லா எடுத்தது ஒரு முழச் சுவர்.
அந்தக் காலத்துச் சின்ன மெமரி,
அதையே திரும்பத் திரும்ப ஒட்டி
ஒரு கிரகம் கட்டியிருக்கிறார்கள்.
முதல் தாழ்வாரத்தில் மட்டும் நாற்பத்தெட்டு.
எண்ணினேன்; கடவுளுக்கு நேரம் இருக்கிறது.
முட்டையறையில், அமிலக் குளத்தின் அடியில்,
ராணி ஜந்துவின் தலைக்கு மேல் விதானத்தில் தலைகீழாக,
நாங்கள்.
எங்கே பார்த்தாலும் எம்முக்கு ஒரு கால் குட்டை.
எத்தனை தேசத்துப் பையன்கள் எங்களைத் தாண்டி ஓடியிருப்பார்கள்,
ஒருவனும் நின்றிருக்க மாட்டான்.
நின்றால் செத்தான்.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
ஷாட்கன்னால் ஒரு டியின் மேல் சுட்டேன்.
துளைகள் பத்து நொடி இருந்தன,
பிறகு சுவர் அவற்றை மறந்தது.
கீறலை மறக்கவில்லை.

மிர்க்காவுக்கு எழுதலாம்.
எழுதி என்ன சொல்வது,
நீ இல்லாத ஒரு ஊரில்
நாலாயிரம் இடத்தில் இருக்கிறாய் என்றா?
அவள் நம்பர் என்னிடம் இல்லை என்பது வேறு.

மணி ஒன்றரை. ஹீட்டர் குழாய் இரண்டு தரம் தட்டியது,
காற்று அடைத்திருக்கிறது,
நாளைக்குத் திறந்துவிட வேண்டும்.
ரகசியச் சொல்லை மறுபடி தட்டி
மனிதனானேன்.
லிஃப்ட் கதவு திறந்தது.
இடது மூலையில் அது வருகிறது, தெரியும்.
வலப்பக்கச் சுவரில்
அந்தக் குட்டைக் காலைத் தேடிக்கொண்டு நின்றேன்.