டார்ஹானில் பதினான்காம் மாதம்

காலை ஆறுக்கு வெல்டன் தன் காதைத் தேடுகிறார்.
ரேடியேட்டர் மேல், கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது அது.
குளிரிலிருந்து உள்ளே வந்தால்
கருவிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.
ராத்திரி அதைக் காயப்போடுவது என் ஊழியம்.

அது கைக்கு வருமுன்பே ஜெபம் தொடங்கிவிடும்.
முழங்கால்கள் மறுத்துவிட்டதால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து,
ஐடஹோவில் இன்னும் நேற்றைய பிற்பகலிலேயே இருக்கிற
ஒன்பது பேரப்பிள்ளைகளைப் பெயர் பெயராக,
கர்த்தருக்கும் காது மந்தம் என்பதுபோல, உரக்க.

ஓட்ஸ் கஞ்சி. மாத்திரைகள்: அவருக்கு ஐந்து, எனக்கு இரண்டு.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை
விடியலைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது.

பிரசங்கிக்க எங்களை அனுப்பவில்லை.
எங்களிடம் இருப்பது ஒரு பட்டியல், ஒரு பழைய ஜீப்,
வாலிப ஊழியர்கள் இரண்டிரண்டு பேராகத் தங்கும்
ஆறு வீடுகளின் சாவிகள்.
புகைமணி அடிக்கிறதா? குளியலறையில் பூஞ்சை உண்டா?
டோங்கா தேசத்துப் பையன் ஒருவன்
சட்டியின் அடியில் கருகிய அரிசியை
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு
"எல்லாம் நலம், சகோதரி" என்கிறான்.
நான் சட்டியைப் பார்க்கவில்லை. அவன் கோட்டைப் பார்த்தேன்.
இரண்டு பித்தான் இல்லை.
ஊசி என் கைப்பையிலேயே இருக்கும்.

செப்டம்பரில் வெல்டனின் அக்காவை அடக்கம் செய்தார்கள்.
ஃபோனில் பார்த்தோம்.
மூன்றாம் பாட்டின் நடுவில் படம் உறைந்துவிட்டது,
எல்லாருடைய வாயும் திறந்தபடி.
அன்று மத்தியானம் நான்காம் வீட்டுக்குப்
புது மெத்தை கொண்டுபோக வேண்டியிருந்தது.
கொண்டுபோனோம்.

பிப்ரவரியில் எங்கள் கட்டிடத்து வெந்நீர்க் குழாய் வெடித்தது.
மேல்மாடியில் தெஜித்மா அலறினாள்.
சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவள்;
படிக்கட்டில் எங்களைக் கண்டால்
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்பவள்.
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நாற்பது வருஷம்
குழாய் பதித்த மனிதர்
பைஜாமாவோடு, ஸ்பானரோடு, படியேறினார்.
மங்கோலிய மொழியில் அவருக்கு மூன்றே சொற்கள் தெரியும்.
அவற்றில் ஒன்று நல்லவேளையாகத் தண்ணீர்.
அவள் வாளி பிடித்தாள். நான் டார்ச் பிடித்தேன்.
விடியும்வரை மூன்று பேரும்
மூன்று விதமாகத் திட்டிக்கொண்டோம்.
வெல்டன் திட்டி நான் கேட்டது
கல்யாணத்துக்குப் பிறகு அதுவே இரண்டாம் முறை.

மாதக் கடைசியில் தலைநகருக்கு அறிக்கை போகவேண்டும்.
போதனை கேட்டவர்: சைபர்.
ஞானஸ்நானம்: சைபர்.
"மற்றவை" என்ற கட்டத்தில் அவர் எழுதினார்:
முக்கால் அங்குல எல்போ ஒன்று.
அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் தெஜித்மா சபைக்கு வரவில்லை;
வரவும் மாட்டாள் என்று நினைக்கிறேன்.
ஆனால் ஞாயிறு காலையில் ஃபிளாஸ்கோடு வந்தாள்.
எங்களுக்குத் தேயிலை ஆகாது என்று
யாரிடமோ விசாரித்திருக்கிறாள்.
"சாய் இல்லை," விரலை ஆட்டிக் காட்டி,
கொதித்த பாலும் உப்பும் மட்டும் ஊற்றினாள்.
கிண்ணத்தை வலது கையால் வாங்கவேண்டும் என்பது
எனக்கு ஞாபகம் வந்தது;
வெல்டனுக்கு வரவில்லை.

ஜெபம் பண்ணினார்.
அவள் தலை குனியவில்லை. கண்ணும் மூடவில்லை.
தான் பிடிக்காத வாளியைப் பார்ப்பதுபோல
ரேடியேட்டரின் மூட்டை உற்றுப் பார்த்திருந்தாள்.
ஒன்பது பெயருக்குப் பின் பத்தாவதாக
"தெசிமா" என்றார் அவர்.

"தெஜித்மா," என்றாள் அவள்.

"தெசிமாவின் வீட்டையும், கர்த்தாவே..."

"தெஜித்மா."

அவருடைய காது
இன்னும் காலுறைக்குள்தான் கிடந்தது.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.