சோக்குக் குமிழின் சூடு

காந்தலில் ஜனவரி.
புல்லெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது.
ஐந்தரைக்கு ஷட்டரைத் தட்டுகிறார் ரஹ்மத்துல்லா.
வர்க்கி டின்கள் பின்சீட்டில்,
வண்டி பாதி ரோட்டில்.

"செல்ஃப் தூக்கமாட்டேங்குது சகாயம்."

புது பேட்டரி. போன மாதம் இன்னொரு புது பேட்டரி.
செல்ஃபைக் கழற்றிக் குன்னூரில் காயில் கட்டியாயிற்று.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர் எஞ்சினையே இறக்கச் சொன்னாராம்.
அம்பாசடர் மட்டும் சொன்னதையே சொல்கிறது:
ட்டொக்.
அப்புறம் ஒரு முனகல்.

டெஸ்ட் பல்பை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.
அதை நான் நம்புவதில்லை.
சும்மா நிற்கையில் எல்லாக் கம்பியும் யோக்கியம்தான்.
பாரம் ஏற வேண்டும்
பேச்சு மாற.

மீட்டரின் சிவப்பு முள் எஞ்சின் கட்டையில்,
கறுப்பு முள் பேட்டரியின் மைனஸில்,
கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே.
விரல் மரத்து இரண்டு முறை நழுவியது.
"சாவியைத் திருப்புங்க. விடாதீங்க."

நாலு புள்ளி ஒன்று.

ஒன்றுமே இருக்கக் கூடாத இடம் அது.
பன்னிரண்டில் நாலு
திரும்பி வரும் வழியில் காணாமல் போகிறது,
லாரியில் ஏறிய ரேஷன் அரிசி மாதிரி.
போகிற வழியைத்தான் இத்தனை பேர் துழாவியிருக்கிறார்கள்.

"சோக்கு இழுக்கும்போது ஏதாவது வித்தியாசம்?"

யோசித்தார். வெட்கப்பட்டாற்போல இருந்தது.
லேத்தில் கடைந்து போட்ட பித்தளைக் குமிழ் அது.
"கதகதன்னு இருக்கும்மா.
செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் சூடாகும்.
இந்தக் குளிருக்கு
ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவேன்.
நல்ல வண்டின்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
செல்ஃப் கேட்கும் நூற்றைம்பது ஆம்பியர்
தன் வாசல் அடைத்துக் கிடக்க,
சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சோக்கு வயரில் ஏறி
டாஷ்போர்டைச் சுற்றிக்கொண்டு
வீடு திரும்பியிருக்கிறது, இத்தனை நாளும்.
இன்னும் நாலு காலை போயிருந்தால்
அவர் கைக்குள்ளேயே புகைந்திருக்கும்.

அடியில் படுத்தேன். சாக்கின் ஈரம் முதுகைக் கடித்தது.
பின்னல் செம்புப் பட்டை முழுசாகத்தான் இருந்தது.
அதன் காது உட்கார்ந்த இடத்தில்
க்ரீம் கலர் பெயிண்ட், இரண்டு கோட்டு,
மகள் கல்யாணத்துக்கு அடித்தது.
நல்ல வேலைக்காரன். பிசிறே இல்லை,
போல்ட்டுக்கு அடியிலும்.

பதினாலு ஸ்பேனர். எமரித் தாள்.
தேய்க்கத் தேய்க்க
க்ரீம் போய், பழைய கறுப்பு போய்,
அதற்கும் கீழே ஏதோ ஒரு சாம்பல் போய்,
எட்டணா அகலத்துக்கு வெறும் இரும்பு
பல்லை இளித்தது.
காதை அமர்த்தி முறுக்கி, மேலே கிரீஸ் அப்பினேன்.

மறுபடி முள்.
புள்ளி ஒன்று ஐந்து.
எழுதிக்கொள்வதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டது.
டின்கள் ஒன்றோடொன்று உளறின.

ரஹ்மத்துல்லா இறங்கவில்லை.
குமிழை ஒரு தரம் தொட்டார்,
கையை எடுத்துக்கொண்டார்.
"ஜில்லுன்னு இருக்கு" என்றார்,
நான் அவருடையது எதையோ
கழற்றி எடுத்துக்கொண்ட மாதிரி.

பேரம் பேசவில்லை.
மீதிக்குச் சில்லறை இல்லையென்று
ஒரு டின்னைத் திறந்து நாலு வர்க்கி கொடுத்தார்.
அதுவும் ஆறிப்போயிருந்தது.