நாற்பத்தெட்டு ஹெர்ட்ஸ்

ஓலுயார்வி ஏரி இன்னும் உருகவில்லை.
டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து
கணினியின் துளைக்கு ஒரு ஒயர்.
குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிட நாடா
அறுபது நிமிடம் உட்கார வைக்கும்.

“மார்ச் நான்கு. படகுத்துறைப் பக்கம்
ஐம்பத்தொரு சென்டிமீட்டர். லாரி போகலாம்.”

அண்ணன் உர்ஹோ. பனிச்சாலை அளந்தவன்.
பகலெல்லாம் ஏரியைத் துளைத்துவிட்டு
பென்சிலுக்கு விரல் மடங்காத இரவுகளில்
சமையலறை மேசையில் மைக்கிடம் ஒப்பித்தது.
நடுவே தும்மல். கெட்டில்.
“கதவைச் சாத்து, தூலிக்கி.”
சாத்தினேனா, நாடாவில் இல்லை.

திரையில், குரலுக்கு அடியில்
தட்டையாய் ஒரு கோடு: ஃபிரிட்ஜின் முனகல்.
இந்த நாட்டு மின்சாரம் ஐம்பதில்தான் முனகும்.
இது நாற்பத்தெட்டு.
ஃபிரிட்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
பெல்ட்தான் தொய்ந்திருக்கிறது,
எந்த வருடத்திலிருந்தோ.

நான்கு சதவீதம் வேகம் கூட்டினேன்.
அரைச் சுருதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.
ஆனால் பேசியது வேறு ஆள்.
எங்கோ கிளம்ப அவசரப்படுகிறவன்,
சென்டிமீட்டரைச் சொல்லி முடித்தால் போதும் அவனுக்கு.

அவன் போன பின் முப்பது குளிர்காலம்
நான் போட்டுப் போட்டுக் கேட்ட
அந்த நிதானம், அந்தக் கனம்
ஒரு ரப்பர் வளையம் செய்த வேலை.

நகராட்சி ஆவணக் காப்பகத்துக்குச் சரியானதை அனுப்பினேன்.
கோப்பின் பெயர்: உர்ஹோ, திருத்தியது.
தவறானதை அழிக்கவா என்றது கணினி.
வேண்டாம்.
பெயர் கேட்டது.
உர்ஹோ என்று மட்டும் அடித்தேன்.