நான்காம் விரல்

காலை ஆறரைக்கு லேப் திறந்ததும்
முதல் ஆள் நீட்டுவது மோதிர விரலைத்தான்.
குத்தி, ஒரு சொட்டு எடுத்து,
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்வேன்.
பதினேழு வருஷத்தில்
தண்டையார்பேட்டையின் பாதி மோதிர விரல்கள்
எனக்கு அத்துப்படி:
மாவு காய்ந்து ஒட்டியது,
மோதிரம் அடகுக்குப் போய்
வெளுத்த வளையம் மட்டும் மிஞ்சியது,
ஊசியைப் பார்க்கும் முன்பே நடுங்குவது.

என்னுடையதைத்தான் தெரியாமல் இருந்தேன்.

புத்தகத்தில் அதற்கு எண் நான்கு.
கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து.
ஐந்து விரல், ஐந்து கட்டை,
முதல் பாட்டுக்கு இது போதும் என்கிறது.
பக்கத்தில் ஒரு வாத்துப் படம்.
மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அட்டையில்.
நாற்பத்து நான்கும் மேற்பட்டதுதானே.

ஒன்று, இரண்டு, மூன்று
சொன்னபடி இறங்குகின்றன.
நான்கைக் கூப்பிட்டால்
ஐந்தும் கூடவே எழுந்து வருகிறது,
தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாத
ஆளுக்குத் துணைபோல.

கீபோர்டு, கொருக்குப்பேட்டை ஜெபராஜிடம் வாங்கியது.
அவர்கள் சர்ச்சுக்குப் புதுசு வந்துவிட்டதாம்.
மூவாயிரத்து இருநூறு, இரண்டு தவணை.
அறுபத்தொரு கட்டையில் ஒன்று ஊமை.
நல்லவேளை, இடது கோடி;
அதுவரை போகிற பாட்டு
எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.
ஸ்டாண்டு இல்லை, இஸ்திரி மேஜைதான்.
யாருக்காவது அவசரமாகச் சட்டை தேய்க்க வேண்டுமென்றால்
சங்கீதம் கட்டிலுக்குப் போய்விடும்.

இடது கைதான் பெரிய தொல்லை.
அது பிறர் கையை அசையாமல் பிடித்தே பழகியது.
ரப்பர் கட்ட, நரம்பு தேட,
"ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று
தட்டிக்கொடுக்க.
இப்போதும் வலது கை நடக்க ஆரம்பித்தால்
போய் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

ராத்திரி பத்தரைக்கு மேல்
ஹெட்போன் மாட்டிக்கொள்வேன்.
என் காதுக்குள் வாத்து நீந்தும்.
வீட்டுக்குக் கேட்பதோ
டொக். டொக் டொக். டொக்.
"மீன் வெட்டுற மாதிரியே இருக்குமா" என்றான் மகன்.
முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.
ஹார்பரில் கன்டெய்னர் எண்ணிவிட்டு வந்து
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மே மாசம். வேர்வையில் கட்டைகள் வழுக்கின.
மூன்றாம் வரியில், நான்கு வரவேண்டிய இடத்தில்,
ஐம்பது தடவை இடறியிருப்பேன்.
அடுத்த தடவை கரன்ட் போனது.

ஹெட்போனுக்குள் ஒன்றுமில்லை.
கீழ்வீட்டில் ஈ.பி.க்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள்.
யார்டில் ஒரு கூட்ஸ் வண்டி
நகரலாமா என்று யோசிக்கிறது.
விரல் மட்டும் நிற்கவில்லை.
டொக். டொக் டொக். டொக்.
இப்போதுதான் எனக்கும் வீட்டுக்கும்
ஒரே மாதிரி கேட்கிறது.

மூன்றாம் வரி. இடறினேன்.

இருட்டிலிருந்து முனிரத்தினம்,
"மொதல் வரில வந்துச்சே,
இங்கயும் ஒண்ணு வரணும்ல?"

ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆள்
கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டுகிறார்.
டொக் டொக், கொஞ்சம் விட்டு, டொக்.
அந்தக் கொஞ்சம்தான்
எனக்கு வராமல் இருந்தது.

"அது என்ன பாட்டு?"
"வாத்து."
"ஓ. நான் கிரேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கரன்ட் வந்தபோது மணி ஒன்றேகால்.

காலையில் முதல் ஆளிடம்,
விரலைத் துடைக்கும் முன்,
"இதை மட்டும் தனியாத் தூக்குங்க, பாப்போம்" என்றேன்.
தூக்கினார். சுண்டுவிரலும் எழுந்தது.
பயந்துபோய், "ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்றார்.
"இல்ல. எல்லாருக்கும் அப்படித்தான்."