கட்டைவிரல்

கறுப்பு வண்டி என்றால்
சகாயம் அண்ணன் இரண்டாயிரம் கூடக் கேட்பார்.
கறுப்பு எதையும் மறைக்காது.
துணியில் ஒட்டிய ஒரு மணல் போதும்,
வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை.

இது பரங்கிப்பேட்டை கவுஸ் பாயுடையது.
இறால் பண்ணைக்கும் வீட்டுக்குமாய்
ஏழு வருஷம் உப்பில் ஊறியது.
மருந்து தெளித்ததும்
கதவோரம் ஊதாவாய் வடிந்தது,
ஒட்டியிருந்த இரும்புத்தூள்.
களிமண் கட்டியால் இழைத்து
பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவினேன்.
சொரசொரப்பு இல்லை.

செம்மண்டலத்தில் கரண்ட் போய் வந்த பிறகு
குப்பியைத் திறந்தேன். முப்பது மில்லி.
பஞ்சில் எட்டுச் சொட்டு.
குறுக்கே ஒரு இழுப்பு, நெடுக்கே ஒரு இழுப்பு.
வானவில் எழும்பும்.
ஐம்பது எண்ணுவதற்குள் துடைத்துவிட வேண்டும்.
விட்டால் கல்.
அதைத் தேய்த்து எடுக்கிற செலவு என் சம்பளத்தில்.

வலது கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது.
நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை, ரேஷன் கடை, வண்ணாரப்பாளையம்.
மிஷினில் கட்டைவிரலை வைத்தேன்.
சிவப்பு.
"துடைச்சிட்டு வைங்க."
சிவப்பு.
"தலையில தேய்ச்சிட்டு வைங்க."
தேய்த்தேன்.
வரிசையில் பின்னால் நின்ற அக்கா கேட்டாள்,
"சுண்ணாம்பு வேலையா தம்பி?"
"இல்லக்கா. கார்."
மேசைக்கு வந்திருந்த பாமாயில் பாக்கெட்
மறுபடி பெட்டிக்குள் போனது.

வெளியே தெருக்குழாயில் விரலை நீட்டினேன்.
தண்ணீர் ஒட்டவில்லை.
முத்து முத்தாய் உருண்டு விழுந்தது,
கவுஸ் பாய் பானட்டில் எப்படியோ அப்படி.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பொய் சொல்லக் கூடாது,
நல்ல வேலை.

காக்கை எச்சம் ஒட்டாது சார்,
உப்புக்காத்து ஒட்டாது,
சிப்காட் புகை ஒட்டாது, அஞ்சு வருஷம் கேரண்டி.
தினம் நான்தான் சொல்கிறேன்.
ரேஷன் அரிசியும் ஒட்டாது என்று
அட்டைப்பெட்டியில் போடவில்லை.

"தோல் உரிஞ்சா சரியாயிடும், பத்து நாள்"
என்றார் சகாயம் அண்ணன்.
அரிசிக்குப் பத்து நாள் தெரியாது.
செவ்வாய்க்கிழமை குணவதியை அனுப்பினேன்.

முதுநகர் ஷெட்டில் இறால் உரிக்கிறவள்.
காலை நாலு மணியிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை.
என் விரலில் ரேகைக்கு மேல் கண்ணாடி.
அவள் விரலில்
கண்ணாடி இல்லை,
ரேகையும் இல்லை.

மூன்று முறை சிவப்பாம்.
வெறும் பையோடு வந்து
அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:
"அடுத்த மாசம் கண்ணைப் பாக்கிற மிஷின் வருதாம்.
ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு."