இழுக்கும்போதா, விடும்போதா

மூன்று நாளாய் நான் நுரையீரலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கரும்பலகையில் 4417க்கு நேரே என் கையெழுத்து:
இருமல், நாற்பது புள்ளி ஆறு, ஊசி.
மறுநாளும் அதே ஊசி.

சிட்ஸ்கே வந்த காலை
ஃப்ரீஸ்லாந்துக் கால்வாயில் மெல்லிய பனித்தகடு.
ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டு
கன்றுக்கூண்டின் முன் வைக்கோலில் குத்துக்காலிட்டாள்.
"பேசாமல் கேள்."
ஈரப் பலகையை அறுக்கும் ரம்பம்.
"சத்தம் எப்போது? இழுக்கும்போதா, விடும்போதா?"

இத்தனை வருடம் மாடு வளர்த்தும்
மூச்சுக்கு இரண்டு பக்கம் உண்டென்று
நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இழுக்கும்போது.

"அப்படியானால் உள்ளே இல்லை, வாசலில்.
குரல்வளைப் புண்."
தொண்டையில் இரண்டு விரல் வைத்து லேசாய் அழுத்தினாள்;
ரம்பம் கட்டையில் சிக்கியது.
நாக்கு, நாவல்பழம் தின்ற நிறம்.

ஹில்கே கணக்குப் போட்டான்.
பால்பண்ணையில் பிறந்த ஆண் கன்று:
கால்பணச் சுண்டைக்காய், முக்கால்பணச் சுமைகூலி.
அவன் சொன்னது தப்பில்லை.
தலையைப் பிடித்துக்கொண்டவனும் அவனேதான்.

மயிரை மழித்து, மரக்க ஊசி போட்டு,
நடுக்கோட்டில் ஒரு கீறல்.
தசையை விலக்கினால்
வெள்ளையாய், வளையம் வளையமாய் மூச்சுக்குழல்.
இரண்டு வளையத்துக்கு நடுவே கத்தி நுழைந்ததும்
புஸ்ஸென்று
ரம்பம் நின்றது.

செத்துவிட்டதென்று நினைத்தேன்.
கழுத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது,
கொதிக்கும் கெண்டியின் மூக்கு மாதிரி.

குழாய், தையல்,
பதினான்கு நாள் பென்சிலின், வீக்கத்துக்குத் தனி மருந்து.
குழாயைத் தினம் இரண்டு தடவை கழற்றிக் கழுவ வேண்டும்,
சளி அடைத்தால் போச்சு.
இரவு இரண்டு மணிக்கும் டார்ச்சோடு போனேன்,
அதை யாரும் சொல்லவில்லை.

வாளிச் சத்தம் கேட்டால் எல்லாக் கன்றும் கத்தும்.
அதுவும் கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும்.
காற்று குரலுக்குக் கீழேயே
வெளியேறிவிடும்.
திறந்த வாயோடு என்னைப் பார்க்கும்.
நான் வாளியைப் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தாள்.
"தைக்காதே, தானாய் மூடும்."
கட்டைவிரல் அளவு, சுண்டுவிரல் அளவு,
பிறகு வெறும் பொருக்கு.

மார்ச் கடைசியில் லாரி வந்தது.
ஓட்டுநர் காது எண்ணைச் சரிபார்த்தான்,
தழும்பைத் தடவினான்.
"என்ன இது?"
"ஒன்றுமில்லை" என்றேன்.

சாய்பலகையில் பாதி ஏறி
அது நின்று கத்தியது,
கரகரப்பாய், நீளமாய், முதல் தடவையாக.
விடும் மூச்சில்.

பலகையில் 4417ஐ அழிக்கப் போன ஹில்கே
ஈரத்துணியோடு அப்படியே நின்றான்.
துணியிலிருந்து தண்ணீர்
அவன் பூட்ஸில் சொட்டிக்கொண்டிருந்தது.