இரண்டாவது லைன்

சிறுநீரில் ரத்தம். பதுளை ஆஸ்பத்திரியில்
மருந்தேற்றி எடுத்த சீ.டி.
திரையில் மூக்கையாவின் வயிறு
துண்டு துண்டாய் இறங்குகிறது.
முதுகெலும்புக்கு வலப்பக்கம் பெருஞ்சிரை.
இடப்பக்கமும் ஒன்று.

கருவிலேயே மறைந்திருக்க வேண்டியது, என்கிறேன்.
அறுபத்தொரு வருஷமாக ஓடுகிறது,
சிறுநீரக மட்டத்தில் குறுக்கே போய்
மற்றதோடு சேர்கிறது.

தோட்டத்தில் குழாய் வேலை பார்த்தவர்.
ஆறாம் நம்பர் மலையிலும் இப்படித்தானாம்:
புது லைன் போட்டார்கள்,
பழசை யாரும் பிடுங்கவில்லை;
கீழ் லயத்துப் பீலிக்கு
இன்றும் அதில்தான் தண்ணீர்.

"அடைப்பு இருக்கா டொக்டர்?"
இல்லை.
"அப்ப கெடக்கட்டும்."

ஊசி பிடுங்கிய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி
கதவுவரை போனவர் திரும்பி வருகிறார்:
"கிளினிக் கொப்பியில எழுதி வச்சிருங்க.
அடுத்துத் தோண்டுறவன்
தெரியாம வெட்டிருவான்."